கொட்டை பிரித்த இயந்திரம்

சின்ன வயதில் கார்த்திகைக்கு விளக்குத்திரி திரிக்க, பாட்டி ஒரு கூடைப் பருத்தியை முன்னால் வைத்துக் கொட்டை எடுக்கச் சொல்வார். கொட்டையை அழுத்திப் பிடித்துப் பஞ்சை இழுத்தால் பாதி வரும், பாதி ஒட்டிக்கொண்டே நிற்கும். அரை மணி நேரத்தில் நகக்கண் வலிக்கும். மடியில் ஒரு கைப்பிடிப் பஞ்சு சேர்ந்திருக்காது. பருத்திக்கொட்டை பிரிக்கும் இயந்திரம் செய்த அமெரிக்கர் ஈலை விட்னியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வலிதான் ஞாபகம் வரும்.

1793இல் அமெரிக்காவின் தென்மாநிலமான ஜார்ஜியாவில், சவானா நகருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தங்கியிருந்தபோது விட்னி செய்தது ஒரு மரப்பெட்டி. உள்ளே கம்பிப் பற்கள் பதித்த உருளை. பற்கள் பஞ்சைக் கவ்விக் குறுகலான இடுக்கு வழியாக இழுக்கும். இடுக்கில் நுழைய முடியாத கொட்டை இந்தப் பக்கமே விழுந்துவிடும். கையால் நாளெல்லாம் உட்கார்ந்து ஒரு பவுண்டு பஞ்சு பிரித்த இடத்தில், இப்போது 50 பவுண்டு. நம் ஊரில் இரண்டு உருளைக்கு நடுவே பஞ்சை விட்டுக் கொட்டை எடுப்பார்களே, அது மாதிரிக் கருவி அங்கேயும் முன்பே இருந்தது. ஆனால் அது கடலோரத்து நீள இழைப் பருத்தியின் வழுக்கைக் கொட்டைக்குத்தான் சரிப்பட்டது. உள்நாட்டில் விளையும் குட்டை இழைப் பருத்தியிடம் தோற்றுப்போனது.

சரி, வேலை சுலபமானால் ஆள் தேவை குறையும், அந்தத் தோட்டங்களில் இருந்த அடிமை முறையும் தானாகத் தேயும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. இயந்திரத்துக்குப் போனது பிரிக்கும் வேலை மட்டும்தான். விதைக்கவும் களையெடுக்கவும் பறிக்கவும் மனிதக் கைகள்தான் வேண்டியிருந்தன. எவ்வளவு பறித்துக் கொட்டினாலும் பெட்டி விழுங்கியது, இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள் வாங்கிக்கொண்டன. அமெரிக்காவில் 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 40 லட்சத்தை நெருங்கினார்கள். 1808இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், வர்ஜீனியா, மேரிலாந்து பக்கமிருந்து அடிமைகளைத் தெற்கே விற்பது பெருகியது. தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். சங்கிலியில் பிணைத்து நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே கூட்டிப்போனார்கள்.

பருத்தி பறித்தவர்களுக்குத் தெரியும், வெடித்த காயின் ஓடு காய்ந்து முள்ளாக நிற்கும். விரல் நுனி கிழியும். தோளில் சாக்கு, நாள் முழுக்கக் குனிந்த முதுகு. இருட்டியதும் எடை போடுவார்கள். குறைந்தால் சவுக்கு. நன்றாகப் பறித்துவிட்டாலும் பயம்தான், நாளைக்கும் அதே எடையைக் கேட்பார்களே!

இதற்கெல்லாம் விட்னிதான் காரணம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெட்டியை எந்தத் தச்சனும் பார்த்துச் செய்துவிட முடிந்தது. அவருக்குக் காப்புரிமை வழக்குச் செலவுதான் மிச்சம். இயந்திரம் யாரையும் சங்கிலியில் கட்டவில்லை. 1830இல் சட்டம் போட்டு, நிலத்துக்காகச் சோக்டா, செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து விரட்டியவர்களும், மனிதர்களையே அடமானமாக எழுதி வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளும் தெரிந்தேதான் செய்தார்கள். அவர்களைச் சொல்லாமல் ஒரு மரப்பெட்டியின் மேல் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பறிக்கும் இயந்திரம் ஒழுங்காக அமைய இன்னும் 150 ஆண்டுகள் ஆயின. 1944இல் மிசிசிப்பியில், கிளார்க்ஸ்டேல் ஊருக்கு அருகே ஹாப்சன் தோட்டத்தில், விதைப்பிலிருந்து அறுவடை வரை இயந்திரத்தாலேயே ஒரு போகம் எடுத்தார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அதுவரை அந்தப் பக்கத்து வயல்களில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பயிரிட்டு, கடன் தீராமல் பறித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர்களின் கை தேவைப்படவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு சிகாகோவுக்கு ரயில் ஏறினார்கள்.