தியேட்டரே வாய்விட்டுக் கூப்பிட்ட காலம்

தியேட்டருக்குக் கூட்டம் வரலைன்னா ஓடிடி, டிக்கெட் விலை, பாப்கார்ன் விலைன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. நான் இல்லீங்கல. ஆனா எனக்குப் படறது வேறங்க. தியேட்டர்க்காரங்க நம்மளக் கூப்பிடறதையே விட்டுட்டாங்க. எல்லாம் சென்னையில இருந்து ஃபோனுக்கு வர்ற டீசர், ட்ரெய்லர்தான்னு ஆயிருச்சு, இங்க தியேட்டர் சும்மா கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கு.

முன்னாடியெல்லாம் போஸ்டர் வந்து சேந்தா சரி, மீதியெல்லாம் தியேட்டர் மேனேஜர் சாமர்த்தியம். மாட்டு வண்டியில ரெண்டு பக்கமும் தட்டி கட்டி போஸ்டர் ஒட்டி, முன்னால ஒருத்தர் தப்பட்டை அடிச்சுட்டுப் போவாரு, வண்டிக்குள்ள இருந்து ரோஸு, மஞ்சள், பச்சைன்னு பிட் நோட்டீஸ் பறக்கும், பொறுக்கறதுக்குப் பசங்க தெரு முழுக்க ஓடுவாங்க. பொறவு காரும் மைக்கும் வந்துச்சு. நோட்டீஸ எங்க குடுக்கறதுங்கறதுலயும் ஒரு கணக்கு உண்டுங்க. மில்லுல சங்கு ஊதி ஷிப்ட் விடறப்ப கேட்டுகிட்ட, சந்தை நாள்ல சந்தைப்பேட்டையில, மாரியாத்தா நோம்பிக்கு கோயில் வாசல்ல. எங்கூரு நோம்பி எப்பன்னு சென்னை பிஆர்ஓவுக்குத் தெரியுமாங்க?

டூரிங் டாக்கீஸ் இதுக்கும் ஒரு படி மேல. கூம்பு ஸ்பீக்கர்ல சாமிப் பாட்டு கேட்டுச்சுன்னா டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், தோட்டத்துச் சாளையில இருக்கறவங்க அதக் கேட்டுத்தான் அவசர அவசரமா சோறு உங்கறது. அப்பறம் பாட்டுப் புஸ்தகம். கதையப் பாதி வரைக்கும் சொல்லி, கரெக்டா முடிச்சு விழற எடத்துல ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ன்னு போட்டிருப்பான் பாருங்க, அதுக்கு மேல என்ன ட்ரெய்லர் வேணும்! ‘இன்றே கடைசி’ ஸ்லிப்ப நம்பி அடிச்சுப் புடிச்சு ஓடினா, கூட்டம் நல்லா இருக்குன்னு அடுத்த நாளும் அதே படம் ஓடும். ஏமாத்துதான், ஆனா யாரும் கோவிச்சுக்கிட்டதில்ல.

எங்க கோயமுத்தூர்ல சாமிக்கண்ணு வின்சென்ட்டுன்னு ஒருத்தர். ரயில்வேல டிராஃப்ட்ஸ்மேன். 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜக்டர வாங்கிட்டு, வேலைய விட்டுட்டு, டென்ட்ட எடுத்துக்கிட்டு ஊரூரா படம் காட்டப் போயிட்டாரு. 1914ல வெரைட்டி ஹால் கட்டினாரு. பிற்பாடு அது டிலைட் ஆச்சு, ஆனா இன்னிக்கும் ரோட்டுப் பேரு வெரைட்டி ஹால் ரோடுதானுங்க. காசே குடுக்காம நூறு வருசமா ஓடற விளம்பரம்!

இது நம்மூரு சங்கதி மட்டுமில்ல. நியூயார்க்ல 1927ல கிட்டத்தட்ட 6000 சீட்டோட தொறந்த ராக்சி தியேட்டர்ல படத்தோட சேத்து ஆர்கெஸ்ட்ரா, டான்ஸுன்னு மேடை நிகழ்ச்சியும் இருந்துச்சு. 1930கள்ல பொருளாதாரம் படுத்தப்ப அமெரிக்கா பூராவும் பல தியேட்டர்ல ‘டிஷ் நைட்’னு வெச்சு, டிக்கெட் எடுத்த பொம்பளைங்களுக்கு ஒரு தட்டோ கப்போ குடுத்தாங்க. செட்டு சேரோணும்னா வாராவாரம் வந்துதானே ஆகோணும். எவனோ நல்லா குடும்பம் தெரிஞ்சவன் போட்ட ஐடியா.

அந்தக் காலத்துலயும் தொந்தரவு இல்லாம இல்லீங்க. வெள்ளையடிச்ச செவுத்துல ராவோட ராவா பசை தடவி போஸ்டர் ஒட்டிட்டுப் போயிருவாங்க, காலைல வீட்டுக்காரர் வாயில வராத வார்த்தையில்ல. பரீட்சை சமயத்துல அந்த கூம்பு ஸ்பீக்கரப் பத்திச் சொல்லவே வேண்டாம். அதையெல்லாம் திருப்பிக் கொண்டு வாங்கன்னு நான் சொல்லல. வீட்டுப் படியேறி வந்து கல்யாணத்துக்குக் கூப்பிடறதுக்கும் வாட்சப்புல பத்திரிகை தட்டி விடறதுக்கும் வித்தியாசம் இருக்குதுல்ல, அந்த அளவுக்குத்தான் கேக்கறேன்.

திருப்பூரையே எடுத்துக்குங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வெளிய வர்ற பனியன் கம்பெனி ஆளுக கையில, நைட் ஷோ டைம் போட்டு, இந்தியிலயும் சேத்து அடிச்சு ஒரு நோட்டீஸ் குடுத்துப் பாருங்க, கூடவே கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னும் போட்டுருங்க. ஒரே ஒரு மாசம். அப்பவும் சீட்டு காலியா கெடந்தா ஓடிடிய எல்லாரும் சேந்தே திட்டலாம்.