காசு இருக்கிறது, சட்டமும் இடம் கொடுக்கிறது, படம் மட்டும் கிடைக்கவில்லை

போன வாரம் எங்கள் விஸ்காம் துறை மேடம் ஒருவர் லைப்ரரிக்கு வந்து, "சார், ஜெய் பீம் படத்தை நம்ம லைப்ரரிக்கு வாங்க முடியுமா? பசங்களுக்குப் போட்டுக் காட்டி அசைன்மெண்ட் கொடுக்கணும்" என்று கேட்டார். புத்தகம் கேட்டிருந்தால் கொட்டேஷன் வாங்கி, கையெழுத்து வாங்கி, பதினைந்து நாளில் ரேக்கில் வைத்திருப்பேன். இதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்தேன். 2021 நவம்பரில் தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வெளியான படம் அது. அதன் டிவிடியை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. பிரைம் சந்தாவோ தனி ஆளுக்கானது, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று அவர்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. கல்லூரி பெயரில் எதை வாங்குவது, யாரிடம் பில் கேட்பது?

இதில் சட்டத்தைக் குறை சொல்ல வழியே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 52(1)(j) என்று ஒரு பிரிவு. கல்வி நிறுவனத்தின் வேலையாக, ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி படம் போட்டால் அது மீறல் ஆகாது. 2012-இல் கொண்டு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முறையாக வாங்கிய திரைப்படப் பிரதியை லாப நோக்கம் இல்லாத நூலகமோ கல்வி நிறுவனமோ இரவல் கொடுத்தால் அது வணிக வாடகைக் கணக்கில் வராது என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, போட்டும் காட்டலாம், வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம். ஆனால் இரண்டுக்கும் முதலில் "முறையாக வாங்கிய பிரதி" என்று ஒன்று கையில் வேண்டுமே.

ஒரு காலத்தில் அது இருந்தது. மோசர் பேயர் நினைவிருக்கிறதா? 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி. கட்டைப்பை நிறைய வாங்கி வந்து ஒவ்வொன்றுக்கும் அக்ஸெஷன் நம்பர் போட்டு அடுக்கினேன். அந்த கம்பெனியே 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. என்னிடம் இருக்கும் வட்டுகளில் பாதி ஓடுவதில்லை. மீதியைப் போடலாம் என்றால் புதிதாக வந்த கம்ப்யூட்டர் எதிலும் டிரைவ் கிடையாது. இருந்தாலும் அவை எங்கள் சொத்து. ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு வருகிறவர் எண்ணிப் பார்க்கலாம், என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. (சந்தாவாக ஏதாவது வாங்கியிருந்தால் அதே ஆள் "பொருள் எங்கே?" என்பார். அந்தக் கூத்தைத் தனிப் பதிவாகவே எழுதலாம்.)

சரி, வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்றால் அங்கேயும் தலைவலிதான், தலைவலியின் ரகம் வேறு. ஆஸ்திரேலியாவில் தொடங்கி அமெரிக்கா போன கேனபி என்ற நிறுவனம் நூலகங்கள் வழியாக இணையத்தில் படம் காட்டுகிறது. பல்கலைக்கழகங்களுக்கு அவர்கள் வைத்த கணக்கைக் கேளுங்கள். பட்டியல் முழுவதும் மாணவர்களுக்குத் திறந்திருக்கும். ஒருவர் ஒரு படத்தை 30 விநாடி ஓட்டினாலே ஒரு பார்வை. நான்காவது பார்வையில் நூலகத்தின் தலையில் லைசென்ஸ் விழும், ஒரு வருஷத்துக்கு 150 டாலர் என்ற கணக்கில். வருஷம் முடிந்ததும் படம் கையில் இருக்காது, பாடத்திட்டத்தில் மட்டும் இருக்கும். மாணவர்கள் பார்க்கப் பார்க்கப் பட்ஜெட் ஓட்டை. பல பல்கலைக்கழக நூலகங்கள் பயந்துபோய், ஆசிரியர் கேட்டால் மட்டும் திறப்போம் என்று மாற்றிக்கொண்டன. நியூயார்க்கின் மூன்று பொது நூலக அமைப்புகளும் 2019-இல் செலவு கட்டவில்லை என்று அந்தச் சேவையையே நிறுத்தின. நூலகம் என்றால் நிறைய பேர் வந்து பயன்படுத்த வேண்டும் என்றுதானே நாமெல்லாம் படித்தோம்? இந்த ஏற்பாட்டில் ஆள் வந்தால் நூலகருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நம் ஊரில் அந்தத் தலைவலிக்குக்கூட வழியில்லை. ஒரே நாடு ஒரே சந்தா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் ஆய்விதழ்களுக்கு. சினிமாவைப் பாடமாக வைத்துப் பட்டம் கொடுக்கும் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு இருக்கிற மாநிலத்தில், அந்தப் படங்களை மாணவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று யாருமே யோசித்த மாதிரி தெரியவில்லை. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் தன் சொந்த ஓடிடி கணக்கை ப்ரொஜெக்டரில் போடுகிறார், இல்லாவிட்டால் டெலிகிராமில் இறக்கிய பிரதி பென் டிரைவில் வருகிறது. ஹெச்ஓடிக்கும் தெரியும், பிரின்சிபாலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருட்டுப் பிரதியால் தொழிலே அழிகிறது என்று மேடைக்கு மேடை பேசுகிற தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. காசை வைத்துக்கொண்டு காத்திருக்கும் நூலகத்துக்கு விற்க உங்களிடம் ஒரு வழியாவது இருக்கிறதா?

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஆவணப்படங்களை விற்கும் விநியோகஸ்தர்கள் சிலர் படத்தைக் கோப்பாகவே கல்லூரிக்குக் கொடுக்கிறார்கள். தனி ஆளுக்கு விற்பதைவிட விலை பல மடங்கு, அது நியாயம்தான். நூலகம் அதைத் தன் சர்வரில் வைத்து, வளாகத்துக்குள்ளும் பதிவு செய்த மாணவர்களுக்கும் மட்டும் காட்டலாம். மூன்று வருஷத்துக்கும் வாங்கலாம், காலவரம்பு இல்லாமலும் வாங்கலாம். நான் காலவரம்பு இல்லாததைத்தான் கேட்பேன். வருஷா வருஷம் புதுப்பிக்கும் சந்தா எங்களை மாதிரி கல்லூரிக்கு ஒத்து வராது. ஒரு வருஷம் பட்ஜெட்டில் வெட்டு விழுந்தால் மொத்தமும் போய்விடும், அலமாரியில் ஒன்றும் மிஞ்சாது.

ஓடிடிக்காரர்கள் மனது வைப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சின்னப் படம் எடுத்தவர்கள், ஆவணப்படம் எடுத்தவர்கள், குறிப்பாக உரிமையை இன்னும் தன் கையிலேயே வைத்திருக்கும் இயக்குநர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். கோப்பு, கல்லூரிக்குள் காட்ட அனுமதி என்று ஒரு பக்கக் கடிதம், ஜிஎஸ்டி பில். பில் இல்லாமல் மட்டும் வராதீர்கள், அக்கவுண்ட்ஸ் செக்ஷன்காரர் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.