எலிக்கு என்ன துக்கம்னு கேக்குறவங்களுக்கு

"எலிதானே மக்ளே, அதுக்குப் போயி முகத்தத் தூக்கி வச்சிட்டு இருக்கியே." இது சித்தி. "சவத்த விடு, கடையில போயி வேற ஒண்ணு வாங்கிப் போடு." இது பக்கத்து வீட்டு அண்ணன். தக்கலையில இருந்து நாகர்கோவில் வரைக்கும் யாருகிட்டச் சொன்னாலும் இந்த ரெண்டு பேச்சுதான்.

கினி பிக்னா எலி மாதிரி இருக்குற, வீட்டுல வளக்குற, புல்லு திங்கிற சின்னப் பிராணி. எங்க வீட்டுல இருந்த ரெண்டுல செம்பி செத்துப் போச்சு. அதுக்காக மட்டும் நான் அழலைங்க. உயிரோட இருக்குற இன்னொண்ணப் பத்திப் பேசிட்டு இருக்கேன். அது ஒருத்தர் காதுலயும் விழ மாட்டேங்குது.

செம்பியும் வெள்ளச்சியும் குட்டியில இருந்தே ஒண்ணா வளந்ததுங்க. மல்லித்தழை ஒரு தண்டு நீட்டினா, ஒண்ணு அந்த முனைய, இன்னொண்ணு இந்த முனையப் பிடிச்சு மென்னுகிட்டே வந்து, நடுவுல மூக்கும் மூக்கும் இடிக்கும். ஃப்ரிட்ஜ் கதவு சத்தம் கேட்டாப் போதும், ரெண்டும் சேந்து 'வீக் வீக்'னு கத்தித் தீத்துடும். செம்பி போன பிறகு வெள்ளச்சி முதல்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அட்டைப் பெட்டிக்குள்ள போயிப் பாப்பா, வெளிய வருவா, திரும்பவும் உள்ள போவா. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. மூலையில முதுகக் குறுக்கி, முடியச் சிலுப்பிக்கிட்டு, கண்ணப் பாதி மூடி ஒரே இருப்பு. மல்லித்தழை போட்ட எடத்துலயே கெடந்து வாடிச்சு. புழுக்கை சிறுத்து, காஞ்சு, எண்ணிடுற அளவுக்குக் கொறஞ்சு போச்சு.

"ரெண்டு நாள்ல மறந்துரும்"னு சொல்றாங்க. ரெண்டு நாளு! கினி பிக் குடல் நிக்காம ஓடிட்டே இருக்கணும். பகலும் ராவும் புல்லு உள்ள போகணும். ஒரு நாள் தின்னாமக் கெடந்தாலே குடல் அசைவு நின்னு, வயித்துல காத்து சேந்து, உயிருக்கே ஆபத்தாயிடும். பல்லும் வாழ்நாள் முழுக்க வளந்துட்டே இருக்குறது, மெல்லலைன்னா அதுவும் சிக்கல். வைட்டமின் சி அது உடம்புல ஊறாது, நம்மள மாதிரியே தினமும் தீனியில இருந்துதான் வரணும். கவலையில தின்னாம இருக்குற மனுசன் நாலாம் நாள் எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சுக்கலாம். இதுக்கு அந்த அவகாசம் கெடையாது. இதத்தான் தொண்டை கிழியச் சொல்றேன், "ஓவராப் பண்ணாத"ன்னு பதில் வருது.

எல்லா கினி பிக்கும் இப்படி ஆகாது, அது எனக்கும் தெரியும். சிலது மறுநாளே வழக்கம்போலத் தின்னும், ஓடும். ஆனா எது எப்படி ஆகும்னு முன்னாடியே யாரு சொல்ல முடியும்? தராசுல வச்சு தினம் எடை பாத்தாத்தான் தெரியும். இது ஒரு கிலோவுக்கு முன்னப்பின்ன இருக்குற உசுரு. 50 கிராம் கொறைஞ்சாலே பயப்படணும்.

டாக்டருக்குப் போன் போட்டா, "மாடு, ஆடு, நாய்னா கொண்டு வாங்க, எலியெல்லாம் இங்க பாக்குறதில்ல." சரி, பாக்கத் தெரியலைன்னா தெரியலன்னு சொல்றது நேர்மை, அதுல கோவம் இல்ல. ஆனா ஒரு மருந்துக் கடையில, "புள்ளைங்களுக்குக் குடுக்குற அமாக்ஸிசிலின் சிரப்பு ரெண்டு சொட்டு விடுங்க, தெம்பா எந்திரிக்கும்"னு கூசாமச் சொன்னாங்க பாருங்க, அங்கதான் ரத்தம் கொதிச்சிட்டு. அது பென்சிலின் வகை மருந்து, வாய்வழி போனா கினி பிக் குடல்ல இருக்குற நல்ல கிருமியெல்லாம் அழிஞ்சு, அதுவே அதக் கொன்னுடும். யாராவது பள்ளிக்கூடத்துப் பிள்ளை நம்பி வாங்கிட்டுப் போயிருந்தா?

இதுக்கெல்லாம் தொடக்கம் விக்கிற எடத்துல. "ஒத்தையா வளத்தாத்தான் கைக்கு ஒட்டும்"னு சொல்லி ஒண்ண மட்டும் பெட்டியில போட்டுக் குடுக்குறது. இந்த ஒரு வரியக் கேக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது. தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைப் பக்கத்து இனம் இது, கூட்டமா வாழ்ந்தது. சுவிட்சர்லாந்துல 2008-ல விலங்குப் பாதுகாப்பு விதியிலயே எழுதி வச்சுட்டாங்க, கினி பிக்கத் தனியா வளக்கக் கூடாது, கொறஞ்சது ரெண்டு இருக்கணும்னு. ஜெர்மனியில நோர்பர்ட் சாக்சர்ங்கிற விலங்கு நடத்தை ஆராய்ச்சியாளர் குழு செஞ்ச ஆராய்ச்சியில, புது எடத்துல ஆண் கினி பிக்க விட்டா ரத்தத்துல கார்டிசால்ங்கிற மன அழுத்த ஹார்மோன் ஏறுது. பழகின ஜோடி பக்கத்துல இருந்தா அந்த ஏத்தம் நல்லாக் கொறையுது, முன்னப்பின்ன தெரியாத பெட்டை இருந்தா கொறையல. "வேற ஒண்ணு வாங்கிப் போடு"ங்கிற அண்ணன் இத ஒரு தடவை படிக்கணும். பல்பு மாத்துற மாதிரி இல்ல இது.

செம்பியப் பொதைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெள்ளச்சி பக்கத்துல வச்சேன். கினி பிக் வளக்குறவங்க பல பேரு இப்படிச் செய்றாங்க, தேடி அலையுறது கொறையும்னு. தொத்து நோயில செத்ததா இருந்தா செய்யக் கூடாது, செம்பிக்கு அப்படி ஒண்ணும் இல்ல. அதுக்கு சித்தி போட்ட சத்தம் இருக்கே! கல்ஃபுல இருந்து மகன் வந்து முகம் பாக்குறது வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சுக் காத்துக் கெடக்குற ஊரு இது. கூடப் பெறந்த ஜீவனுக்கு அஞ்சு நிமிசம் குடுத்தா மட்டும் தீட்டாப் போயிடுமா?

இப்ப ஊசி இல்லாத சிரிஞ்சுல, தீவனத்தத் தண்ணியில கரைச்சு ஊட்டிட்டு இருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா அருகம்புல்லக் கடிக்கிறா, நேத்து கொய்யாத் துண்டும் நுனியக் கொறிச்சா. இன்னொரு பெட்டைக்குச் சொல்லி வச்சிருக்கேன். அது வந்தாலும் ரெண்டு மூணு வாரம் வேற ரூம்லதான் இருக்கும், நோய் ஏதும் இல்லன்னு தெரியணும். அப்புறம் ரெண்டுக்கும் பழக்கமில்லாத ஒரு தரையில விட்டுப் பாக்கணும். "கூட ஒரு முயல விட்டுரு"ன்னு யோசனை சொன்னவங்களே, முயல் ஒரு ஒதை விட்டா கினி பிக் எலும்பு ஒடையும். முயல்கிட்ட சாதாரணமா இருக்குற போர்டெடெல்லா கிருமி இதுக்கு நிமோனியாவக் கொண்டு வரும். தெரியாட்டி சும்மா இருங்க, அதுவே பெரிய உதவி.

கடைக்காரர்களுக்கு: ஒத்தையாக் குடுக்காதீங்க. ஆணா பொட்டையான்னு சரியாப் பாத்து, ஒரே பாலா ரெண்டாக் குடுங்க. அதுவும் தெரியலன்னா விக்காதீங்க. சித்தி, உங்களுக்கும்தான்: அடுத்த தடவை வரும்போது "எலி செத்ததுக்கா"ன்னு ஆரம்பிக்காம, ஒரு கட்டு மல்லித்தழை வாங்கிட்டு வாங்க.