பவுன் ஏற ஏறக் கட்டில் விற்பது குறைகிறது

எங்கள் மாமா கும்பகோணத்தில் முப்பது வருடமாக ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறார். கட்டில், பீரோ, சோஃபா, அலமாரி தவிர வேறு எதுவும் விற்பதில்லை. போன ஞாயிறு நான் கடையில் இருந்தபோது பெண்ணுக்குச் சீர் எடுக்க ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் அப்பா தேக்குக் கட்டிலின் தலைமாட்டைத் தடவிப் பார்த்தார், விலை கேட்டார், இன்னொரு தடவை தடவினார், அப்புறம் மெதுவாகப் பிளைவுட் கட்டில் பக்கம் போய்விட்டார். "நகை எடுத்தது போக கையில இவ்வளவுதான் தம்பி மிச்சம்."

2020 ஆகஸ்டில் பவுன் 43,000 ரூபாய் பக்கம் இருந்தது. 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டிவிட்டது. சம்பளம் அப்படியா ஏறியது? நகையைக் குறைத்தால் சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்கள், சாப்பாட்டைக் குறைத்தால் ஊர் பேசும், கடைசியில் எல்லாரும் கை வைப்பது கட்டில் பீரோ மேல்தான். மளிகைக் கடைக்கு இந்தக் கவலை இல்லை, என்ன கஷ்டம் வந்தாலும் அரிசி வாங்கித்தான் ஆகணும். சோஃபா கிழிந்தால் மேலே ஒரு விரிப்பைப் போட்டு இன்னும் மூன்று வருடம் ஓட்டிவிடலாம். அந்த மூன்று வருடமும் கடை வாடகை, ஆசாரி கூலி, மரத்தில் முடங்கிக் கிடக்கிற பணத்துக்கு வட்டி எல்லாம் மாமா தலையில்.

"ஆன்லைனில் விற்க வேண்டியதுதானே" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். ஆன்லைனில் ஃபர்னிச்சர் விற்பதில் பெரிய பெயராக இருந்த அர்பன் லேடர் கம்பெனியே 2020 நவம்பரில் 96 சதவீதப் பங்கை 182 கோடிக்கு ரிலையன்ஸிடம் கொடுத்துவிட்டது. கட்டிலைக் கூரியரில் அனுப்ப முடியாது, ஏற்றி இறக்கி, மாடி ஏற்றி, மூலையில் கீறல் விழாமல் பூட்டிக் கொடுக்க ஆள் வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஜி.எஸ்.டி. விஷயத்தில்தான். 2025 செப்டம்பரில் ஏ.சி.க்கும் பெரிய டிவிக்கும் 28-லிருந்து 18 ஆக்கினார்கள், மூங்கில், பிரம்பு சாமான்களுக்கு 12-லிருந்து 5. சரி, நல்லதுதான். மரக் கட்டிலுக்கு மட்டும் அதே 18. படுத்துத் தூங்குகிற கட்டிலும் ஏ.சி.யும் ஒரே வரியில் இருப்பது என்ன நியாயம்? அதையும் 5-க்குக் கொண்டுவர வேண்டும், வியாபாரிகள் சங்கங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

அந்தக் குடும்பம் பிளைவுட் கட்டிலுக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனது. அவர்கள் படி இறங்கியதும் மாமா ஆசாரிக்கு போன் போட்டார். "அந்தக் கட்டிலுக்குக் கால் நாலையும் தேக்குல போட்டுடு, பில்லுல ஏத்த வேணாம்."