இதய பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை போனால் காத்திருக்காதீங்க

அண்ணே, "பைபாஸுக்கு அப்புறம் கண்ணு தெரியலைன்னா மயக்க மருந்து வேகம்தான், பத்து நாள்ல தானா சரியாகும், காரைக்குடியில கண்ணாடி மாத்தினாப் போதும்"னு மேலே எழுதியிருக்கீங்க. இது ஆபத்தான ஆலோசனை.

சர்க்கரை ஏறி இறங்குறதால லேசா மங்கலாம், அது உண்மைதான். திடீர்னு ஒரு கண் இருட்டுறதும் பாதிக் காட்சி மறையுறதும் வேற விஷயம். ஆபரேஷன்ல ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் ரொம்ப இறங்கினா பார்வை நரம்புக்கு ரத்தம் போதாமப் போகும். இதயத்திலிருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியிலிருந்து பெயர்ந்த துணுக்கு விழித்திரைத் தமனியை அடைக்கலாம். பின்மண்டையில ஸ்ட்ரோக்கும் வரலாம். எதுக்கும் கண்ணாடி உதவாது. பெரும்பாலும் வலியே இருக்காது, அதனாலதான் ஏமாந்துடுறோம்.

எங்க அப்பச்சி வீட்டுக்கு வந்த பிறகு, இலையில இடப்பக்கம் வச்ச பொரியலைத் தொடாமலே எழுந்தாங்க. பிடிக்கலைன்னு நினைச்சோம். ஒவ்வொரு கண்ணா மூடிக் காலண்டரைக் காட்டினப்போ, ரெண்டு கண்ணுலயும் இடப்பக்கத் தேதிகள் தெரியலை. ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் மறைஞ்சதால, கோளாறு கண்ணுல இல்லை, மூளையில.

அப்படி இருந்தா உடனே 108. கண்ணாடிக் கடைக்கு இல்லை, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு, சிவகங்கையோ மதுரையோ. மூளை அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு வழக்கமான கெடு, அறிகுறி ஆரம்பிச்சதுலேருந்து 4.5 மணி நேரம். புதுசா ஆபரேஷன் ஆனவங்களுக்கு அதைப் போடலாமான்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோட எடுத்துட்டுப் போங்க. ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க.

இது அபூர்வமாத்தான் வரும். இதுக்குப் பயந்து யாரும் பைபாஸைத் தள்ளிப்போட வேண்டாம்.