கட்சி நீக்கினால் எம்எல்ஏ பதவி போகாது

“கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள், இனி அவர் எம்எல்ஏ இல்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. நீக்கும் அதிகாரம் கட்சிக்கு உண்டு. பதவியைப் பறிக்கும் அதிகாரம் இல்லை.

அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவி போவதற்கு முக்கியமாக இரண்டே காரணங்கள். ஒன்று, உறுப்பினர் தானாகக் கட்சியை விட்டு விலகுவது. மற்றொன்று, கொறடா (சபையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர்) உத்தரவை மீறி வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது. இதையும் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் வழக்கே இல்லை. நீக்கம் இந்தப் பட்டியலிலேயே கிடையாது.

ஆனால் நீக்கப்பட்டவர் சுதந்திரப் பறவை என்றும் நினைக்க வேண்டாம். தமிழகப் பேரவை தொடர்பான ஜி. விசுவநாதன் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நீக்கிய பிறகும் சட்டத்தின் கண்ணில் அவர் பழைய கட்சிக்காரர்தான். வேறு கட்சியில் சேர்ந்தால் ‘தானாக விலகியவர்’ ஆகிவிடுவார். பலர் சறுக்குவது இங்கேதான்.

விலகல் என்பதற்கு ராஜினாமாக் கடிதமும் தேவையில்லை, நடத்தையே போதும். 2017 செப்டம்பரில் தமிழகத்தில் 18 அதிமுக எம்எல்ஏக்கள் பதவி இழந்தது சபையில் போட்ட ஓட்டுக்காக அல்ல. தங்கள் கட்சி முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் கொடுத்த கடிதங்களுக்காக. அதே ஆண்டு பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசை எதிர்த்தே வாக்களித்த அதே கட்சியின் 11 பேர் பதவியில் நீடித்தார்கள்! காரணம் எளிது: எதுவும் தானாக நடக்காது, சபாநாயகர் முடிவெடுத்தால்தான் உண்டு. அவர் முடிவெடுக்க அட்டவணையில் காலக்கெடுவும் இல்லை.