பேசி முடிக்கிறது அப்புறம் இருக்கட்டும், முதல்ல அவளுக்கு தங்க ஒரு இடம் குடுங்க

நம்ம குமரி மாவட்டத்துல ஒரு பெண் புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு ராத்திரி வீட்ட விட்டு எறங்குனா அவ போறது பெரும்பாலும் அம்மா வீட்டுக்கு, அம்மா இல்லண்ணா அக்கா வீட்டுக்கு, அதுவும் தூரம்னா பக்கத்து வீட்டு மைனிகிட்ட. போலீஸ் ஸ்டேஷனெல்லாம் ரொம்ப கடைசி. போன எடத்துல ஒரு சாயா போட்டு குடுப்பாங்க, படுக்க பாய் விரிப்பாங்க, கூட இருந்து அழவும் செய்வாங்க, அதெல்லாம் நம்ம ஊர்ல கொறையில்ல. ஆனா மூணாவது நாள் ஆரம்பிக்கும். "மக்ளே பிள்ளேள நினைச்சு பாரு, அவன் குடிக்காதப்ப நல்லவன்தானே, எத்தன நாளு இங்க வந்து நிப்பா"ன்னு. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் ஆள் கூடி, ஊர் பெரியவங்களோ சர்ச் கமிட்டியோ சங்கமோ ஜமாத்தோ முன்னால ஒக்காந்து பேசி, அவன் இனி கை நீட்ட மாட்டேன்னு ஒரு வெள்ளப்பேப்பர்ல கையெழுத்து போட்டு, சாயங்காலம் அவள ஆட்டோல ஏத்தி திரும்ப அனுப்பி வச்சிருவாங்க. எல்லாரும் ஒரு குடும்பத்த சேத்து வச்ச நிம்மதியில வீட்டுக்கு போவாங்க, அவ எங்க போறாங்கறத யாரும் யோசிக்க மாட்டாங்க.

இத மாத்தணும்னுதான் இந்த பதிவு. பேச்சுவார்த்தையே கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா அவ போக்கிடம் இல்லாம நிக்கும்போது நடக்குற பேச்சுவார்த்தையில அவளுக்கு சரின்னு சொல்றத தவிர வேற பதில் கிடையாது, அத சம்மதம்னு நாம கணக்கு எழுதக்கூடாது. முதல்ல ஒரு இடம், கொஞ்ச நாள், கூட வர ஒரு ஆள். இந்த மூணும் குடுத்த பிறகு அவ போறேன்னு சொன்னா அது அவ முடிவு.

2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல கல்யாணம் ஆன 18லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 38 சதவீதம் பேர் புருஷனோட வன்முறைய அனுபவிச்சிருக்கோம்னு சொல்லியிருக்காங்க. அகில இந்திய அளவுல அது 29 தான். அதே ஆய்வுல இன்னொரு கணக்கு உண்டு, இந்தியா முழுக்க வன்முறைய அனுபவிச்ச பெண்கள்ல உதவின்னு யாரையாவது தேடிப் போனது 14 சதவீதம், யார்கிட்டயும் வாயே தொறக்காதது 77 சதவீதம். இப்ப யோசிங்க, நம்ம வாசல்ல வந்து நிக்கிறவ அந்த 14ல ஒருத்தி. அவ்வளவு தடையையும் தாண்டி ஒருத்தி வாய தொறந்திருக்கா, அவளத்தான் நாம மூணாம் நாள் திருப்பி அனுப்புறோம். அடுத்த தடவ அவ யார்கிட்டயும் சொல்லமாட்டா.

படிப்பு இருந்தா இதெல்லாம் நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு, 2011 கணக்குப்படி நம்ம மாவட்டத்தோட எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல, தமிழ்நாட்டுலயே முதல் இடம். நர்ஸ், டீச்சர், இன்ஜினியர் முடிச்ச பெண்கள் நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு உண்டு. அதுல அடி வாங்குறவங்களும் உண்டு, அவங்க முழுக்கை பிளவுஸ் போட்டுட்டு வேலைக்கு வந்துட்டு போறாங்க.

பெத்தவங்க ஏன் திருப்பி அனுப்புறாங்கன்னு நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். பாசம் இல்லாம இல்ல. நம்ம ஊர்ல அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, பேரு சீதனம். கல்யாணத்துக்கு பவுனும் ரொக்கமும் காரும் குடுத்து, கடன் வாங்கி, ரப்பர் தோட்டத்துல பாதிய வித்து அனுப்பியாச்சு, அப்போ உனக்கு உள்ளத தந்தாச்சு, இனி இந்த வீடு தம்பிக்குன்னு எல்லார் மனசுலயும் எழுதி வச்ச மாதிரி இருக்கு. இது சும்மா வந்த நினைப்பு கிடையாது. நாம 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவங்க. அங்க 1916ல போட்ட திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம்னு ஒண்ணு இருந்தது. அதுப்படி அப்பா உயில் எழுதாம இறந்தா மகளுக்கு மகனோட பங்குல கால்வாசி, இல்லண்ணா 5000 ரூபாய், இதுல எது கொறவோ அதுதான். அதுவும் சீதனம் ஏற்கனவே வாங்கியிருந்தா ஒண்ணும் கிடையாது. கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1986ல தான் அது செல்லாதுன்னு ஆச்சு. இந்து பெண்களுக்கு தமிழ்நாட்டுல 1989லயும் நாடு முழுக்க 2005லயும் பூர்வீக சொத்துல சம உரிமை வந்தது. சட்டம் போய் இவ்வளவு வருஷம் ஆகியும் மனசுல இருந்து போகல. அதனாலதான் பொறந்த வீட்டுக்கு வந்த மகள் விருந்தாளி மாதிரி நாள் எண்ணிட்டு இருக்கா, தம்பி பொண்டாட்டி முகத்த பாத்து பாத்து சோறு திங்கறா. அப்பா அம்மா உயிரோட இருக்கும்போதே ஒரு அறைய, ரெண்டு சென்ட் நிலத்த மகள் பேர்ல எழுதி வைங்க. நூறு பவுன் லாக்கர்ல மாமியார் கையில இருக்கும், நிலம் இவ பேர்ல இருந்தா யாரும் தூக்கிட்டு போக முடியாது.

சட்டம் என்ன தருதுன்னு நிறைய பேருக்கு தெரியல, அதனால கொஞ்சம் சொல்றேன். குடும்ப வன்முறை தடுப்புச் சட்டம் 2005, நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. இதுல அடி மட்டும் இல்ல, கேவலமா பேசுறது, பணத்த பிடுங்குறது, வீட்டுச் செலவுக்கு தராம இருக்கறது, படுக்கையில கட்டாயப்படுத்துறது எல்லாம் வரும். மாமனார் மாமியார் நாத்தனார் மேலயும் மனு போடலாம், புருஷன் வளைகுடாவுல இருந்துகிட்டு இங்க மாமியார் வீட்ல கொடுமை நடக்குற நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். மாஜிஸ்திரேட் கோர்ட்ல மனு போட்டா அவன் பக்கத்துல வரக்கூடாதுன்னு பாதுகாப்பு உத்தரவு, அந்த வீட்லயே இருக்க உரிமை, செலவுக்கு பணம், பிள்ளைங்க பொறுப்பு, நகையையும் சர்டிபிகேட்டையும் திருப்பி குடுன்னு உத்தரவு எல்லாம் கேக்கலாம். வீடு மாமனார் பேர்ல இருக்கு உனக்கு உரிமை இல்லன்னு இறக்கி விடுறதெல்லாம் 2020ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்புக்கு அப்புறம் அப்படி சுலபமா எடுபடாது. உத்தரவ மீறினா ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல 20,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். முதல் விசாரணை சாதாரணமா 3 நாளுக்குள்ள, 60 நாள்ல முடிக்க முயற்சி பண்ணணும்னும் சட்டத்துல இருக்கு. நடக்கறது வேற, வாய்தா வாய்தான்னு மாசக்கணக்கா இழுக்கும்.

அந்த இழுக்குற மாசங்கள்ல அவ எங்க இருப்பா? இங்கதான் எல்லாம் ஒடையுது.

சகின்னு சொல்ற ஒருங்கிணைந்த சேவை மையம் மாவட்டத்துக்கு ஒண்ணு உண்டு, 2015ல ஆரம்பிச்ச திட்டம், சிகிச்சை, போலீஸ், வக்கீல், கவுன்சிலிங் எல்லாம் ஒரே எடத்துல கிடைக்கணும்னு. நல்ல திட்டம். ஆனா அங்க தங்குறது 5 நாளுக்குத்தான். அதுக்கப்புறம் நீண்ட நாள் இல்லம்னா வேற எங்கயாவது போகணும், மகன் கொஞ்சம் வளந்தவனா இருந்தா கூட வச்சுக்க முடியாது, வயசு வரம்பு உண்டு. பதிமூணு வயசு பையன அடிக்கிற அப்பன்கிட்ட விட்டுட்டு எந்த தாய் போவா? அதனாலயே பலபேர் போறதில்ல. அஞ்சு நாளுக்கும் கோர்ட் உத்தரவுக்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளிய அரசாங்கம் அடைக்கணும்னு நாம கேக்கணும், கண்டிப்பா கேக்கணும். அது வர்ற வரைக்கும் நாமளும் அடைக்கலாம், அதுக்கு வேண்டியதெல்லாம் நம்ம ஊர்ல கெடக்கு.

நம்ம அளவுக்கு அமைப்பு உள்ள மாவட்டம் எது சொல்லுங்க. அன்பியம்னு சொல்ற பக்கத்து வீட்டு குடும்பங்களோட சின்ன ஜெபக்குழு இல்லாத கத்தோலிக்க பங்கு கிடையாது, சிஎஸ்ஐ சபையில பெண்கள் ஐக்கிய சங்கம், ஊருக்கு ஊர் சமுதாயக் கூடம், ஜமாத், அய்யாவழிக்காரங்க கும்பிடுற நிழல் தாங்கல், தெருவுக்கு ரெண்டு மகளிர் குழு. கரையோர ஊர்னா கேக்கவே வேண்டாம், ஊர் கமிட்டி சொன்னா கடலுக்கு போறதயே நிறுத்துவாங்க. இவ்வளவு பலம் இருந்தும் ஒரு பெண்ணுக்கு மூணு மாசம் தங்க ஒரு அறை இல்லன்னா அது இடம் இல்லாததால இல்ல. வெளிநாட்டுல இருக்கிறவங்க வீடு பூட்டிக்கெடக்குது எத்தன, தூசி தட்ட ஆள் வச்சிருக்காங்க. அதுல ஒரு மாடி போர்ஷன், பொறுப்பான அமைப்பு மூலமா, வாடகை இல்லாம ஒரு ஆறு மாசத்துக்கு குடுத்தா என்ன கொறஞ்சிரும்.

ஆனா ஒண்ணு, அதே ஊர்ல வைக்கக்கூடாது. நம்ம மாவட்டம் சின்னது, காலைல நடந்தது மத்தியானம் சந்தையில தெரியும். குளச்சல் பக்கத்து பெண்ணுக்கு தோவாளை பக்கம் இடம், அருமனை பக்கத்து பெண்ணுக்கு கன்னியாகுமரி பக்கம்னு அமைப்புகள் தங்களுக்குள்ள பேசி மாத்தி மாத்தி வச்சுக்கணும். எங்க இருக்கான்னு ரெண்டு மூணு பேருக்கு மேல தெரியக்கூடாது, ஃபாதருக்கோ பாஸ்டருக்கோ தெரியணும்னு கூட அவசியம் இல்ல. வாட்ஸ்அப் குரூப்ல போட்டு பெருமை பேசுற விஷயம் இல்ல இது. அவ வீட்ட விட்டு எறங்குன அந்த சமயத்துலதான் அவன் வெறி கூடும், தேடி வருவான், ஆள் அனுப்புவான்.

சட்டத்துலயே இதுக்கு வழி இருக்குன்னு நிறைய சங்கத்துக்கு தெரியாது. பெண்களோட உரிமையப் பாதுகாக்கறத நோக்கமா வச்சு பதிவு பண்ணின அமைப்பு இந்தச் சட்டத்துல சேவை வழங்குநரா பதிஞ்சுக்கலாம். பதிஞ்சா அந்தப் பெண் விரும்பினா நடந்தத அதுக்குரிய படிவத்துல எழுதி மாஜிஸ்திரேட்டுக்கும், இந்தச் சட்டத்துக்குன்னே அரசாங்கம் நியமிக்கிற பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம், ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகலாம், காப்பகத்துல சேக்கலாம். நல்ல எண்ணத்துல பண்ணினதுக்கு அவங்க மேல கேஸ் போட முடியாதுன்னு பாதுகாப்பும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் அப்படித்தான், சத்தம் கேட்டு பாதுகாப்பு அலுவலருக்கு தகவல் சொன்னா நம்பி சொன்னவங்க மேல எந்த பொறுப்பும் வராது. நமக்கெதுக்கு வம்புன்னு டிவி சத்தத்த கூட்டி வைக்காதீங்க, உண்மையா சொல்றேன், அந்த வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்கு டிவி சத்தம் கூடினதும் கேக்கும்.

கூட போற ஆள் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பணத்தவிட இதுதான் பெரிய உதவின்னு நான் நெனைக்கிறேன். ஆஸ்பத்திரியில டாக்டர் எப்படி காயம்னு கேக்கும்போது மாமியார் பக்கத்துல நின்னா பாத்ரூம்ல வழுக்கினேன்னுதான் வாய்ல வரும், அது அப்படியே ஏஆர்னு சொல்ற ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல எழுதப்படும், நாளைக்கு கோர்ட்ல அந்த ஏஆர் காப்பிதான் பேசும். கூட ஒரு தைரியமான அக்கா நின்னா உண்மைய சொல்லுவா. மகளிர் ஸ்டேஷன்ல மனு குடுத்தா, மனு வாங்கினதுக்கு அவங்க தர்ற சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்கணும், அது இல்லாம வெறும் கையோட வந்தா மனு குடுத்ததுக்கே சாட்சி இல்ல. கோர்ட் இரணியல்லயோ குழித்துறையிலயோ பத்மநாபபுரத்துலயோ இருந்தாலும் வாய்தா அன்னைக்கு அவன் பக்கத்துல பத்து பேர் வருவாங்க, இவ ஒத்தையா நிப்பா, அத பாத்தே பாதி பேர் மனச விட்டுருவாங்க. மகளிர் குழுவுல இருந்து மூணு பேர் சும்மா கூட போய் நின்னா போதும். அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி பேக்டரியில வேல பாக்குறவளுக்கு வாய்தான்னா ஒரு நாள் சம்பளம் போச்சு, அத குழுவே போட்டு குடுக்கலாம். வக்கீல் பீஸ் பத்தி பயப்பட வேண்டாம், சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க, 15100ல கூப்பிட்டு கேக்கலாம்.

பிள்ளைங்க படிப்பு நின்னு போகும்னுதான் பாதி பேர் அங்கயே கெடக்காங்க. டீச்சர்மார்கிட்ட ஒரு வேண்டுகோள், எட்டாம் கிளாஸ் வரைக்கும் அரசு, உதவி பெறும் பள்ளியில டிசி வரல்லங்கறத காரணமா சொல்லி சேக்காம இருக்கக்கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. அப்பன் பழைய ஸ்கூல்ல போய் டிசி தராதீங்கன்னு சத்தம் போட்டாலும் பிள்ளைய உக்கார வைங்க.

களியக்காவிளை தாண்டினா கேரளா. அங்க குடும்பஸ்ரீங்கற அரசோட மகளிர் குழு இயக்கமே சினேகிதான்னு உதவி மையம் நடத்துது, ராத்திரியும் போன் எடுப்பாங்க, தற்காலிகமா தங்க வைக்கிறாங்க, கவுன்சிலிங் குடுக்குறாங்க. குழுன்னா லோன் வாங்குறதும் திருப்பிக் கட்டுறதும் மட்டும்னு நாம வச்சிருக்கோம், அவங்க இன்னும் ஒரு படி போயிருக்காங்க. நம்ம குழுக்கள்ல உள்ள பெண்கள் அவங்கள விட எதுலயும் கொறஞ்சவங்க இல்ல, தவணைக்கு ஒரு நாள் பிந்தினா வீட்டு வாசல்ல வந்து நிக்க தெரிஞ்சவங்களுக்கு இதுக்கும் வந்து நிக்க தெரியும்.

இப்படியெல்லாம் செஞ்சா குடும்பம் ஒடையும்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். ஒரு பெண் தள்ளி இருந்து மூணு மாசம் நிம்மதியா தூங்கினதால ஒடையுற குடும்பம் அவ அடிவாங்கிட்டு உள்ள இருந்ததால நின்னுட்டு இருந்தது, அதுக்கு நான் கவலப்பட மாட்டேன். பொய் கேஸ் போடுறாங்கன்னு சொல்றவங்களுக்கும் சொல்றேன், அத விசாரிக்க கோர்ட் இருக்கு, தங்க இடம் குடுக்கறதுக்கு முன்னால நாம தீர்ப்பு எழுத வேண்டியதில்ல.

பேசியே ஆகணும்னு நிக்கிற பெரியவங்ககிட்ட கேக்கறது இவ்வளவுதான். அவள அவன் முன்னால உக்கார வச்சு கேக்காதீங்க, தனியா, பெண்களா ரெண்டு பேர் போய் கேளுங்க. போகணுமான்னு மட்டும் கேக்காம போகலண்ணா உனக்கு என்ன வேணும்னு கேளுங்க. அனுப்பி வச்சா அத்தோட விடாதீங்க, அடுத்த வாரமும் அதுக்கடுத்த மாசமும் ஆள் போய் பாக்கணும். ஃபாதர்மார் பாஸ்டர்மார் ஞாயித்துக்கிழம பிரசங்கத்துல பொறுமைய பத்தி பேசும்போது கை நீட்டுறது பாவம்னும் மைக்ல சொல்லணும், ஆம்பளைங்க பக்கம் பாத்து சொல்லணும்.

இத படிக்கிற தங்கச்சி யாராவது அந்த வீட்டுக்குள்ள இருந்தா, ஆதார், பிள்ளைங்க பிறப்பு சர்டிபிகேட், பேங்க் பாஸ்புக், மார்க் லிஸ்ட் இதெல்லாம் காப்பி எடுத்து நம்பிக்கையான ஒருத்தங்க வீட்ல குடுத்து வை. வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைஸ்ல உன்னோடது இல்லாத கம்ப்யூட்டர் ஏதும் இருக்கான்னு பாரு, கூகுள்ல லொகேஷன் ஷேர் ஆகுதான்னு பாரு. 181 எந்த நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, அவசரம்னா 112. கையில பணம் இல்லன்னு ராத்திரி முழுக்க யோசிக்காத, சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, விடியக்காலம் முதல் பஸ் ஏறி நாகர்கோவில் வந்துரலாம். ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ கூட வர ஆள் வேணும்னா இன்பாக்ஸ்ல சொல்லு, மார்த்தாண்டம் குளச்சல் பக்கம்னா நானும் எங்க குழுவுல ரெண்டு அக்காமாரும் வரோம், மத்த பக்கத்துல வரத் தயாரா இருக்கிறவங்க உங்க ஏரியாவ மட்டும் எனக்கு தனியா மெசேஜ்ல அனுப்புங்க, கமெண்ட்ல போட வேண்டாம்.